சாப்பிட்டு முடிக்கிறவரை

நான் பார்த்துக்கொண்ட கிழவிக்குத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாளாம். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கைக்கு ஸ்பூன் பிடிக்க வராது. கஞ்சி ஊட்டினால் பாதி நைட்டியில் வழியும். துடைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள். “பள்ளிக்கூடம் படிக்கிறப்பவே பிஸ்டலை ரொட்டிக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனவ நான். எனக்கு நீ வாய் தொடைக்க வந்துட்டியா?” என்பாள். துடைக்காவிட்டால் எறும்பு மொய்க்கும் என்று நான் என் பாஷையில் முணுமுணுப்பேன். எங்கள் உறவு இப்படித்தான் தொடங்கியது.

கிழவி என்று எழுதுவதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. நேரில் மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். மனசுக்குள் அவள் கிழவிதான். அவள் தன் மொழியில் பேசுவாள், நடுநடுவே இங்கிலீஷ் வரும். எனக்கு அவள் மொழி அடுப்படி அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அவள் சொன்னதெல்லாம் காரைக்கால் பக்கத்து எங்கள் நெரவிப் பேச்சாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

என் கதை சின்னது. வீட்டுக்காரர் இருந்த கொஞ்சம் நிலத்தையும் தன் ஈரலையும் சேர்த்துக் குடித்துத் தீர்த்தார். காரைக்காலில் ஒயின்ஷாப்புக்கு என்ன பஞ்சம்? தமிழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர். அவர் போன பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவுக்கு மேலே, நர்சுக்குக் கீழே ஒரு வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த கேரளத்துப் பெண்தான் சொன்னாள், இஸ்ரேலில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று. மகனையும் மகளையும் அம்பகரத்தூரில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். டெல் அவிவில், கடலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடி வீடு. கிழவியின் ஒரே பிள்ளை அமெரிக்காவில். அவன் போனில் மட்டும் பாசமானவன்.

எங்களுக்குச் சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு. ரோடு முழுக்க பஸ், குளம் முழுக்க ஜனம், எள்ளு தீபப் புகை. அங்கே சனிக்கிழமை என்றால் பஸ்ஸே ஓடாது, கடை திறக்காது, ஊரே வாயை மூடிக்கொண்டு கிடக்கும். கிழவிக்குச் சாமி நம்பிக்கை துளியும் கிடையாது. சனிக்கிழமை வேண்டுமென்றே முட்டை பொரிக்கச் சொல்லி, வாசனை மாடிப்படி வரைக்கும் போகட்டும் என்று கதவைத் திறந்து வைப்பாள். ஆனால் எங்கும் போக முடியாதே. அதனால் பேசுவாள். அவள் இருந்த ரகசியப் படையின் கதை முழுவதும் எனக்குச் சனிக்கிழமைகளில் கிடைத்ததுதான்.

நாடு என்று ஒன்று அமைவதற்கு முன்னால் அங்கே இங்கிலீஷ்காரன் ஆட்சி. யூதர்களிடம் ஒரு பெரிய படை இருந்தது. அது தலைவர்கள் சொல் கேட்கிற படை. பொறு, சமயம் வரட்டும் என்கிற படை. அதிலிருந்து சண்டை போட்டுப் பிரிந்துபோன சின்னப் படை ஒன்று. வெள்ளைக்காரனை இன்றைக்கே குண்டு வைத்து விரட்டு என்பது அவர்கள் கட்சி. கிழவியின் அண்ணன் அந்தச் சின்னப் படையில் இருந்தான். அண்ணன் எங்கே போனாலும் பின்னால் ஓடுகிற தங்கச்சி இவள். இவளும் சேர்ந்தாள்.

எங்கள் ஊர் வெள்ளைக்காரன் பிரெஞ்சுக்காரன் என்று நான் ஒருநாள் சொன்னேன். குண்டு வைக்கவில்லை, ஓட்டுப் போட்டு அனுப்பி வைத்தோம், இன்னும் எங்கள் தெருக்களில் சில வீட்டுக்கு அவன் பென்ஷன் அனுப்பிக்கொண்டிருக்கிறான் என்றேன். கிழவி இருமி இருமிச் சிரித்தாள். பென்ஷன் கொடுக்கிற எதிரி தனக்கு வாய்க்கவில்லையே என்றாள்.

சேர்வது லேசில்லையாம். இருட்டு அறையில் நிற்க வைத்து முகத்தில் டார்ச் அடிப்பார்கள். கேள்வி கேட்கிறவன் முகம் தெரியாது. அடித்தால் தாங்குவாயா என்று கேட்டார்கள். தாங்குவேன் என்றாள். அம்மாவிடம் பொய் சொல்லுவாயா என்று கேட்டார்கள். அதற்குத்தான் யோசித்தாளாம். பிறகு ஒரு கை வேதப் புத்தகத்தின் மேல், ஒரு கை துப்பாக்கியின் மேல் வைத்துச் சத்தியம். முதல் வேலை சுவரொட்டி ஒட்டுவது. பால் தூக்கில் பசையைக் காய்ச்சி எடுத்துப் போவாள். ரோந்து வந்தால் கூட வந்த பையன் இவள் தோளில் கையைப் போட்டுக்கொள்வான். காதலர்கள் என்று சோல்ஜர் சிரித்துவிட்டுப் போய்விடுவான். பொட்டைப் பிள்ளைகளை வெள்ளைக்காரன் சோதனை போடமாட்டான் என்பதால் துப்பாக்கி, தோட்டா எல்லாம் பெண்கள் கையில்தான் தெரு தாண்டும். இந்தக் கதையையெல்லாம் நான் போனில் என் மகளுக்குச் சொல்லுவேன். “ஆயா செம கெத்தும்மா” என்பாள் மகள். கெத்தை மட்டும்தான் அவளுக்குச் சொன்னேன்.

ஏனென்றால் மிச்சமும் இருந்தது. வெள்ளைக்காரன் ஆபீஸ் நடத்திய ஒரு பெரிய ஓட்டலைச் சின்னப் படை தகர்த்தது. செத்தவர்களில் வெள்ளைக்காரனும் உண்டு, அரபுக்காரனும் உண்டு, யூதனும் உண்டு. எல்லாம் ஆபீஸில் வேலை பார்க்கப் போன ஜனம். பிறகு எருசலேமுக்குப் பக்கத்தில் ஒரு அரபு கிராமம். அங்கே இந்தப் படையும் இதைப்போலப் பிரிந்துபோன இன்னொரு படையும் புகுந்து பெண்டு பிள்ளைகளையும் கொன்றார்கள். அந்தப் பேச்சு வந்தால் கிழவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். “நான் அங்க இல்ல” என்பாள். பிறகு, “இல்லைங்கிறது ஒரு பதிலா?” என்று அவளே கேட்பாள். எனக்கு அருவருப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். அந்த நேரம் பார்த்து டயப்பர் மாற்றவேண்டி வரும். மாற்றுவேன்.

ஊருக்கு வந்த பிறகு எங்கள் தெரு பாய் வீட்டு அக்கா கேட்டார்கள், அத்தனை அக்கிரமம் பண்ணினவங்களுக்கா போய் ஊழியம் பார்த்தே என்று. நியாயமான கேள்வி. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பீ மூத்திரம் அள்ள ஆள் இல்லாத ஒருத்திக்குப் பார்த்தேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது டிவியில் அந்தப் பக்கத்துச் சண்டையைக் காட்டும்போதெல்லாம் அந்த அக்கா முகம்தான் முன்னால் நிற்கிறது. விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா?

கிழவியின் அண்ணன் கதைக்கு வருகிறேன். போலீஸ் தேட ஆரம்பித்ததும் அவன் ஒவ்வொரு வீடாக மாறி மாறி ஒளிந்திருந்தான். அந்தச் சமயத்தில் பெரிய படை ஒரு முடிவெடுத்தது. சின்னப் படை செய்கிற காரியத்தால் காரியமே கெடுகிறது, இவர்களைப் பிடித்து வெள்ளைக்காரனிடமே கொடுத்துவிடலாம் என்று. வேட்டைக் காலம் என்று அதற்குப் பேராம். யூதனை யூதன் பிடித்தான். சின்னப் படைக்காரன் வீட்டுப் பிள்ளை என்றால் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தினார்கள். வேலையை விட்டு நிறுத்தினார்கள். அண்ணனையும் பிடித்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் அவனை ஆப்பிரிக்காவில் ஒரு கம்பி வேலிக்குள் கொண்டுபோய்ப் போட்டான். நாடு பிறந்த பிறகுதான் திரும்பி வந்தான். வந்தவன் அம்மாவோடு பேசவே இல்லை. காட்டிக்கொடுத்தது அம்மா.

இதைத்தான் வருஷக்கணக்கில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற தாயே பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாளே என்று நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன். என்ன செய்வது, தூக்கில் தொங்குவதைவிடக் கம்பி வேலி மேல் என்று நினைத்திருப்பாள் என்று அந்த அம்மாவுக்கு வக்காலத்தும் வாங்கியிருக்கிறேன். கிழவி குடிக்கத் தண்ணீர் கேட்பாள்.

அவள் கடைசியாகப் படுத்த படுக்கையில் விழுந்தபோது, ஒருநாள் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னாள்.

“அம்மாவுக்கு அந்த வீடே தெரியாது.”

எந்த வீடு என்றேன். அண்ணன் ஒளிந்திருந்த வீடு என்றாள். வெள்ளிக்கிழமை அந்திக்கு அம்மா ரொட்டியும் மீனும் கட்டிக் கொடுப்பாள். இவள் கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கே என்று அம்மா கேட்கமாட்டாள். தெரியாமல் இருப்பதே நல்லது என்பாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பெரிய படைக்காரர். உன் அண்ணன் தூக்கில்தான் தொங்குவான், இடத்தைச் சொன்னால் நாங்களே பிடித்து வைத்துப் புத்தி சொல்லி விட்டுவிடுகிறோம், வெள்ளைக்காரனிடம் கொடுக்கமாட்டோம் என்றார். இவள் சொல்லிவிட்டாள். அவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் திரும்பி வந்து வாசலில் நின்று, யார் சொன்னது என்று கேட்டபோது அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம். நான்தான் என்றாளாம். கையை மாவிலிருந்து எடுக்கவே இல்லையாம். இவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். காட்டிக்கொடுத்தவர்களைச் சுட்ட படை அது. அம்மாவைச் சுடமாட்டார்கள், தங்கச்சிக்கு என்ன உத்தரவாதம்?

“அம்மாவுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அம்மாவுக்கும் தெரியும். சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் அதப் பேசிக்கல.”

இவள் கல்யாணத்துக்கு அண்ணன் ஒரு நிபந்தனை போட்டானாம். அம்மா இருக்கிற இடத்துக்கு வரமாட்டேன் என்று. இவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் வேண்டும். அம்மா வீட்டிலேயே இருந்துகொண்டாள். அண்ணன் கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப் போனான். அதை நினைத்துத்தான் கிழவி கடைசி நாட்களில் அனத்தினாள். அம்மா அன்னிக்கு என்ன சாப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, கேக்கவே இல்ல, என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியாது. இதையே திரும்பத் திரும்ப. எனக்குச் சில நாள் எரிச்சல் தாங்காது. செத்து மண்ணாகிப் போனவங்க என்னத்தையோ சாப்பிட்டிருப்பாங்க, நீங்க மொதல்ல இந்த மாத்திரையை முழுங்குங்க என்று கத்துவேன். முழுங்கமாட்டாள். நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொள்வாள். அந்த வித்தையும் படையில் கற்றதோ என்னவோ.

அவளைப் புதைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் ஒரே எண்ணம். பிள்ளைகளிடம் எதையும் மனசில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது, இருக்கிறதைப் போட்டு உடைத்துவிட வேண்டும். நெரவியில் வீட்டை ஒட்டடை அடித்து, அக்கா வீட்டிலிருந்து இரண்டு பேரையும் கூட்டிவந்தேன். மகள் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மகனுக்கு என்ன வேலை என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

காரைக்கால்காரர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றித் தமிழ்நாடு. ஊர் மட்டும் புதுச்சேரி அரசு. வரி வேறு, அதனால் சாராயம் விலை குறைவு. இங்கே வாங்கிச் சோதனைச் சாவடியைத் தாண்டி அங்கே விற்கிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. அப்பன் குடித்தே செத்தான், பிள்ளை கடத்துகிறான். கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

அது மட்டும் இல்லை. வண்டியில் பின்னால் தங்கச்சியை உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறான். பொம்பளை உட்கார்ந்திருந்தால் சாவடியில் நிறுத்தமாட்டான் என்று. கடைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்பானாம், சுற்றிக்கொண்டு போவானாம். இது தெரிந்த அன்றைக்கு அவனை ஓங்கி ஒரு அறை விட்டேன். இதே வித்தையை வெள்ளைக்காரனுக்குக் காட்டினவளைக் குளிப்பாட்டினவடா நான், எனக்கேவா என்றேன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான். “அந்த ஆயா நாட்டுக்காகப் பண்ணுச்சு, நான் வயித்துக்காகப் பண்றேன். இதுல எதும்மா பெரிசு?” என்றான். அவன் சிரித்தால் எனக்குக் கோபம் நிற்காது. அதுதான் என் சாபம்.

அந்தக் கூட்டத்துக்கும் வேறொரு கூட்டத்துக்கும் தகராறு முற்றியது. இவனோடு சுற்றிய பையன் ஒருவன் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தான். போலீஸ் ஒரு பக்கம் தேடியது, வெட்டியவர்கள் ஒரு பக்கம் தேடினார்கள். மகன் ஒளிந்துகொண்டான். எங்கே என்று மகளுக்கு மட்டும் சொல்லியிருந்தான்.

எனக்கு அந்த இடம் தெரிய வேண்டாம் என்று நானே சொன்னேன். “எங்கிட்ட சொல்லாதடி. சோறு கட்டித் தர்றேன், குடுத்துட்டு வா” என்றேன். சொல்லும்போதே இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று பட்டது. கிழவியின் அம்மா சொன்னது. வார்த்தைதான் வேறு, பேச்சு அதே. கதையை முழுதாகக் கேட்டவள் நான். ரொட்டியும் மீனும் சுமந்த பெண் என்ன ஆனாள் என்று தெரிந்தவள். ஆனால் பிள்ளை எங்கோ பசியோடு கிடக்கிறான். நான் எப்படிச் சோறு அனுப்பாமல் இருப்பேன்? இறால் தொக்கும் ரசமும் வைத்துக் கேரியரைக் கொடுத்தேன். அவளும் தினம் போய்வந்தாள். அவன் சாப்பிடுகிறவரை கூட இருந்து, காலிக் கேரியரோடு வருவாள்.

ஒரு சனிக்கிழமை கேரியர் இல்லாமல் வந்தாள். அண்ணனைப் பிடிச்சுட்டாங்கம்மா என்றாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. நான் அழுத அழுகையில் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் உள்ளே வைத்துவிட்டு விடுவார்கள் என்று பார்த்தால், குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் வெளியே வர முடியாது. மனு போட்டுப் பார்க்கப் போனோம், நானும் மகளும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் ஊர்ப்பட்ட கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டியாப்பா என்று நான் கத்தினேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு சொன்னான்.

“நான் பதுங்கியிருந்த மோட்டார் கொட்டகைய சுத்தி நின்னானுங்க. உள்ள வரல. நான் தின்னு முடிச்சுக் கை கழுவுற வரைக்கும் வரல. எந்த போலீசும்மா அப்படி நிப்பான்? வீட்டு ஆளு சொல்லி வச்சாதான் நிப்பான். பிள்ள சாப்ட்டு முடிக்கட்டும்னு யாரு சொல்லுவா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மகளோடு கடையில் வேலை பார்க்கிற பெண்ணின் அப்பா போலீஸ்காரர். இரண்டொரு முறை நம் வீட்டு வாசல் வரை என் மகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இரண்டு தட்டு தட்டி எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம், வெளியில் இருந்தால் வெட்டிவிடுவார்கள் என்று சொல்லியிருப்பார். இவள் நம்பியிருப்பாள். நம்பி, ஒன்றே ஒன்று கேட்டிருப்பாள். அண்ணன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. என் வயிற்றில் பிறந்தவள், வேறென்ன கேட்பாள்? உலகத்தில் வேறு எந்தத் துரோகியாவது அதைக் கேட்பானா?

பக்கத்தில் நின்ற மகள் வலையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“நான்தான் சொன்னேன்.”

அவன் தலையை ஆட்டினான். தெரியும் என்பதுபோல ஆட்டினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோறு கொண்டுவந்தவள் இடத்தை என்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருப்பான், ஒரு நிமிஷம்கூட அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. இனி என்னைப் பார்க்க வராதே என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியைப் பார்த்து, நீ மட்டும் வா என்று கையைக் காட்டினான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல் என்றால் பரவாயில்லை, அதற்கு இப்படிப் பார்க்கக் கண் இருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே நெரிசல். எப்படியோ இரண்டு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. நாகூர் தாண்டியது. மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“உனக்கு அந்த இடமே தெரியாதேம்மா.”

இதற்காகத்தானே கடல் கடந்து வந்தேன்? இருக்கிறதைப் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று விமானத்தில் சபதம் எடுத்தேனே? எனக்குத் தெரியும்டி, நீ தப்பா ஒண்ணும் பண்ணல, அழு, என் மடியில் படுத்து அழு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவள் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய் அண்ணனிடம் சொல்லிவிடுவாள். அவனுக்குத் தெரிந்தால் இவளுக்கு அண்ணனும் இல்லை. எனக்குப் பிறகு இவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தெரியும் என்றேன். அந்தக் கிழவி செத்ததற்குக்கூட எனக்கு அத்தனை துக்கம் வரவில்லை. அன்றைக்கு வந்தது. அவள் வாழ்நாள் முழுக்கச் சுமந்து கடைசியில் அனத்தியதைக் கேட்டுவிட்டு வந்து, என் வீட்டிலேயே அதை நட்டுவிட்டேனே என்று.

மகன் வெளியே வந்ததும் வீட்டுக்கு வரவில்லை. அக்கா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். அந்தக் கூட்டமும் சிதறிவிட்டது. பாதிப் பேர் ஜெயிலில், பாதிப் பேர் வெளிநாட்டில். உயிரோடு இருக்கிறான், கட்டட வேலை பார்க்கிறான், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தங்கச்சிக்குப் போன் பண்ணுவான். அவள் கொல்லைப்புறம் போய்ப் பேசுவாள். என்னைத் திட்டுகிறான் என்று அவள் பதில் சொல்லாமல் நிற்பதிலிருந்தே தெரியும். பேசி முடித்துவிட்டு வருகிறவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். பாத்திரத்தைத் துலக்க உட்கார்ந்துவிடுவாள். துலக்கினதையே திரும்பத் துலக்குவாள். அவனை நான் இழந்தது அவளுக்காக. அவளையும் அதே கையோடு இழந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

மகளுக்கு இடம் அமைந்தது. நல்ல பையன், திருநள்ளாறில் கடை வைத்திருக்கிறான். கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரி போடுவது கூடப் பிறந்தவன். அப்பாவும் இல்லாத பெண், அண்ணனாவது நின்று பொரி போட்டால்தான் பார்க்கிறவர்களுக்கு லட்சணமாக இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். அண்ணனுக்குப் போன் போனது.

அன்றைக்கு நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

“அண்ணன் வர்றேங்குது.”

சரி என்றேன்.

“நீ மண்டபத்துல இருந்தா வராதாம்.”

நான் கீரையை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவளிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாதே, சொல்லிவிடாதே என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. சொல்லித் தொலையேன்டி, எனக்காக இந்த ஒரு தடவை சொல்லேன் என்று இன்னொரு மனசு கிடந்து துடித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கீரையையே உருவிக்கொண்டிருந்தாள். காம்பும் இலையுமாக விழுந்தது. எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது.

ஜுரம் என்று சொல்லிவிடலாம் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் மனையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். தாலி அறுத்தவள் மேடை ஏறக் கூடாது என்கிற வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை வாழ்நாளெல்லாம் வாய் நிறையத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதுதான் எனக்குக் கைகொடுத்தது. மேடை ஏறாதவள் மண்டபத்துக்கே வரவில்லை என்றால் யார் தேடப் போகிறார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் விதவை வரவில்லை என்பதற்கு ஊர் அதிகம் வாய் திறக்கவில்லை. அண்ணன் வேட்டி சட்டையில் நின்று பொரி போட்டானாம். இரண்டு பேரும் அழுதார்களாம். கூடப் பிறந்த பாசம் என்று எல்லோரும் மெச்சினார்களாம். பாய் வீட்டு அக்கா மட்டும் மண்டபத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, ஜுரம் எப்படி இருக்கு என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஜுரம் இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

மகன் மறுநாளே கிளம்பிவிட்டான். அவன் படிக்கிற ஜாதி இல்லை, இது அவன் கண்ணில் படாது. மகள் படிப்பாள். வாயால் எனக்கு வரவில்லை. இனியும் வராது. பக்கத்தில்தான் இருக்கிறாள், திருநள்ளாறு பஸ் ஏறினால் போய்விடலாம். போகிறேன், காப்பி கொடுக்கிறாள், குடித்துவிட்டு வருகிறேன். அவள் கண் இப்போது கிழவியின் கண் மாதிரி ஜன்னல் பக்கமே போகிறது. இந்தச் சின்ன வயசில்.

அதனால் இதை மட்டும் எழுதி வைக்கிறேன். உன் கல்யாணத்தன்று காலையில் நான் பழைய சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து, சுண்டவைத்த கத்தரிக்காய்க் குழம்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மத்தியானம் பாய் வீட்டு அக்கா மண்டபத்துச் சாப்பாட்டை இலையோடு கட்டி எடுத்து வந்து கொடுத்தார்கள். சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல். பாயசம் நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டேன். நீ அதை யோசித்துக்கொண்டு இருக்காதே.